விண்டோஸ் 10 முடிந்தது: கல்லூரி லேப்களுக்கு எந்த வழி?

விண்டோஸ் 10-க்கு இலவசமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. 2015 ஜூலையில் வெளிவந்த சிஸ்டம், பத்து ஆண்டு ஓடியிருக்கிறது. மறுநாள் காலையில் எந்தக் கல்லூரி லேபிலும் எந்தக் கணினியும் நின்றுபோகவில்லை. பாஸ்வேர்டு போட்டால் திறந்தது, செய்முறைத் தேர்வுகள் நடந்தன, பிரிண்டரும் வழக்கம்போல் மக்கர் செய்தது. அதனால்தான் பல கல்லூரிகளில் இந்த முடிவு இன்னும் கோப்பிலேயே கிடக்கிறது. எல்லாம் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று நிர்வாகம் கேட்டால், லேப் பொறுப்பாசிரியரிடம் உடனே காட்ட ஒன்றும் இருப்பதில்லை.

கல்லூரி முழுவதற்கும் ஒரே பதிலைத் தேடுவதும் தாமதத்துக்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எல்லாவற்றையும் விண்டோஸ் 11-க்கு மாற்றலாம் என்றால் பணம் இல்லை. எல்லாவற்றையும் இலவச சிஸ்டமான லினக்ஸுக்கு மாற்றலாம் என்றால் வணிகவியல் துறை எழுந்து நிற்கும், கூட்டம் டீயோடு முடியும். அந்தந்த லேபில் என்ன பாடம் நடக்கிறது, அந்தப் பாடம் எந்த மென்பொருளை நம்பி இருக்கிறது என்று பார்த்து லேப் லேபாகப் பிரித்தால் பாதிக்கு மேல் கணினிகளுக்குச் செலவே இல்லாமல் வழி கிடைத்துவிடும். கோடை விடுமுறைதான் இதற்கு வாய்ப்பான காலம். கல்லூரி திறந்து முதல் செமஸ்டர் லேப் தொடங்கிய பிறகு யாரும் ஒரு கணினியையும் தொட விட மாட்டார்கள்.

எது தேறும், எது தேறாது

விண்டோஸ் 11 கேட்பவை: இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர், ஏ.எம்.டி. என்றால் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசை முதல், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப், நம்பகமான மென்பொருளோடு மட்டும் கணினியைத் தொடங்கவிடும் செக்யூர் பூட், 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம். பிராசசர் பெயரைப் பார்த்தாலே தலைமுறை தெரிந்துவிடும். ஐ3-7100 ஏழாம் தலைமுறை, தேறாது. ஐ3-8100 எட்டாம் தலைமுறை, தேறும். 2018-க்கு முன் மொத்தமாக வாங்கிய லேப்கள் பெரும்பாலும் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கும்.

இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. மைக்ரோசாஃப்ட்டின் 'பி.சி. ஹெல்த் செக்' மென்பொருளை ஓட்டிவிட்டு, இந்தக் கணினி தகுதியற்றது என்று வந்ததும் பட்டியலில் சிவப்பு மையால் கோடு போட்டுவிடுகிறார்கள். எட்டாம் தலைமுறைக்குப் பிந்தைய பல கணினிகளில் டி.பி.எம். பிராசசருக்குள்ளேயே இருக்கிறது, பயாஸில், அதாவது கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில், அணைத்து வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். இன்டெலில் பி.டி.டி. என்ற பெயரிலும் ஏ.எம்.டி.யில் எஃப்.டி.பி.எம். என்ற பெயரிலும் அது இருக்கும். இன்னொரு வழக்கமான தடை: கணினி புதியது, ஆனால் விண்டோஸை நிறுவியவர் பழைய முறை பயாஸில், எம்.பி.ஆர். வகை டிஸ்க்கில் நிறுவிவிட்டுப் போயிருப்பார். அதை அழித்து மறுபடி நிறுவ வேண்டியதில்லை. விண்டோஸ் 10-லேயே இருக்கும் 'எம்.பி.ஆர். டு ஜி.பி.டி.' என்ற கருவி டேட்டாவைத் தொடாமல் டிஸ்க்கை மாற்றித் தரும். பேக்கப் எடுத்துவிட்டு இதைச் செய்து, பயாஸைப் புதிய யு.இ.எஃப்.ஐ. முறைக்கு மாற்றினால், தகுதியற்றது என்று ஒதுக்கியதில் ஒரு பகுதி திரும்பி வந்துவிடும். புதுக் கணினிக்குக் கொட்டேஷன் கேட்பதற்கு முன் லேப் அசிஸ்டென்ட்டை ஒரு நாள் இந்த வேலையில் உட்கார வையுங்கள்.

தேறிய கணினிகளைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. விண்டோஸ் 11-க்கு ஏற்றிவிட வேண்டியதுதான், மேம்பாட்டுக்குக் கட்டணம் கிடையாது. 4 ஜிபி ராமும் ஹார்ட் டிஸ்க்கும் வைத்துக்கொண்டு மட்டும் ஏற்றாதீர்கள். விதிப்படி ஓடும், ஆனால் கணினி தயாராவதற்குள் வருகைப் பதிவே முடிந்துவிடும். 8 ஜிபி ராம், ஒரு சிறிய எஸ்.எஸ்.டி. இரண்டும் சேர்ந்தால்தான் அது லேபுக்கு உதவும். 2025 இறுதியிலிருந்து ராம் விலை ஏறியிருக்கிறது. அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் வாங்காமல், எஸ்.எஸ்.டி.யை முதலிலும், கழித்துக்கட்டும் கணினிகளிலிருந்து பொருந்தக்கூடிய ராமைக் கழற்றி இரண்டாவதாகவும் போட்டுப் பாருங்கள்.

இனி வருபவை, தேறாத கணினிகளுக்கான வழிகள்.

அப்படியே விட்டுவிடுவது

இதையும் ஒரு வழியாகவே எண்ண வேண்டும், பெரும்பாலோர் இப்போது தேர்ந்திருப்பது இதைத்தான். இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்கள் முழுப் பொய்யுமல்ல. விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பானான டிஃபெண்டருக்கான வைரஸ் பட்டியல் விண்டோஸ் 10-க்கு 2028 அக்டோபர் வரை வரும். மைக்ரோசாஃப்ட் 365 செயலிகளுக்குப் பாதுகாப்பு அப்டேட் 2028 அக்டோபர் 10 வரை உண்டு. ஆனால் ஆஃபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் விண்டோஸ் 10-இன் அதே நாளில் ஆதரவு முடிந்துவிட்டது என்பதைப் பலர் கவனிக்கவில்லை. நம் அலுவலகங்களில் அதிகம் இருப்பது இவைதான்.

வைரஸ் பட்டியல் புதிதாக இருந்தாலும், சிஸ்டத்தின் ஓட்டை அடைபடாது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணயத் தீநிரல் பரவியபோது நடந்ததை நினைவுபடுத்திக்கொள்ளலாம். அந்த ஓட்டைக்கான அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. போடாத கணினிகளில் புகுந்தது, யாரும் எதையும் கிளிக் செய்யாமலேயே ஒரு கணினியிலிருந்து பக்கத்துக் கணினிக்குத் தாவியது. பிரிட்டனின் மருத்துவமனைகள் முதல் ஆந்திரக் காவல்துறையின் கணினிகள் வரை மாட்டின. ஒரே சுவிட்ச்சில் அறுபது கணினி மாட்டியிருக்கும் நம் லேபுக்கு அந்தத் தாவலைப் பற்றி விளக்கவே தேவையில்லை.

'டீப் ஃப்ரீஸ் போட்டிருக்கிறோம், ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் போய்விடும்' என்பது அடுத்த பதில். மாணவர் டெஸ்க்டாப்பில் வால்பேப்பரை மாற்றுவதைத் தடுக்க அது அருமையான மென்பொருள். ஆனால் காலை ஒன்பது மணிக்குப் புகுந்த ஒன்று மாலை அணைக்கும் வரை உள்ளேயே இருக்கும். அதற்குள் அந்தக் கணினியில் மதிப்பெண் பதிவேற்றிய ஆசிரியரின் பாஸ்வேர்டு போயிருக்கும். அந்த பாஸ்வேர்டை எந்த ரீஸ்டார்ட்டும் திருப்பித் தராது.

இரண்டு விஷயங்கள் கூடுதலாக. செக்யூர் பூட்டுக்கு மைக்ரோசாஃப்ட் 2011-இல் வழங்கிய சான்றிதழ்களின் காலம் 2026 ஜூன் முதல் முடியத் தொடங்குகிறது. அப்டேட் வாங்கும் கணினிகளுக்குப் புதிய சான்றிதழ் வந்து சேரும். வாங்காதவை தொடர்ந்து பூட் ஆகும் என்றாலும், பூட் நிலையிலான புதிய பாதுகாப்புகள் கிடைக்காது. அடுத்து, சைபர் தாக்குதல் நடந்தால் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டிருக்கிறது. அப்படித் தெரிவிக்கும்போது, ஆதரவு முடிந்த சிஸ்டத்தைத் தெரிந்தே ஓட்டினோம் என்று எழுத வேண்டியிருக்கும். பிரின்சிபாலிடம் இந்த வரியைச் சொன்னால் கோப்பு கொஞ்சம் வேகமாக நகரும்.

ஒரு டாலர் திட்டம்

நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட், சுருக்கமாக இ.எஸ்.யு. நிறுவனங்களுக்கு முதல் ஆண்டு ஒரு கணினிக்கு 61 டாலர், அடுத்தடுத்த ஆண்டு இரட்டிப்பு. கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் முதல் ஆண்டு 1 டாலர், இரண்டாம் ஆண்டு 2, மூன்றாம் ஆண்டு 4. மொத்தம் 7 டாலரில் 2028 அக்டோபர் வரை ஓடிவிடும். டாலரை 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அறுபது கணினி கொண்ட ஒரு லேபுக்கு மூன்று ஆண்டுக்கும் சேர்த்து, வரி நீங்கலாக, முப்பத்தெட்டாயிரம் ரூபாய்க்குள். ஒரு புதுக் கணினியின் விலை.

இவ்வளவு மலிவாக இருப்பதைப் பார்த்ததும் எல்லாக் கணினிக்கும் போட்டுவிட்டுத் தூங்கிவிடலாம் என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். முதலில், இது சில்லறையில் கிடைக்காது. மொத்தமாக உரிமம் வாங்கும் வால்யூம் லைசென்சிங் ஒப்பந்தம் போன்ற நிறுவன வழியில்தான் கீ வரும். கணினியில் இருப்பது 22ஹெச்2 பதிப்பாக இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் விண்டோஸும் முறையான உரிமம் பெற்றதாக இருக்க வேண்டும். வலது கீழ் மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று மங்கலாக எழுதியிருக்கும் கணினிகளை வைத்துக்கொண்டு இ.எஸ்.யு. பற்றிப் பேசுவது வீண். தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலான ஏ.ஐ.சி.டி.இ.யின் அங்கீகார விண்ணப்பத்தில் சட்டப்படியான மென்பொருள் என்று தனி இனமே உண்டு என்பதால், அந்த மங்கலான எழுத்து வேறு வகையிலும் தொல்லைதான்.

அடுத்தது, கணக்கு பின்னோக்கியும் ஓடும். முதல் ஆண்டைத் தவறவிட்டு இரண்டாம் ஆண்டில் சேர்ந்தால் முதல் ஆண்டுக்கும் கட்ட வேண்டும். கல்வி விலையில் அது ஒரு டாலர்தான் என்பதால் தாமதமாகச் சேர்ந்தாலும் பெரிய இழப்பில்லை. புது வசதிகள் எதுவும் இதில் வராது. பாதுகாப்பு ஒட்டுகள் மட்டுமே. கணினி வேகமாகிவிடப் போவதுமில்லை.

இ.எஸ்.யு. வாங்குவது அவகாசத்தை வாங்குவது. அதனால் விண்டோஸை விட முடியாத லேப்களுக்கு மட்டும், அந்த அவகாசத்தின் முடிவில் என்ன செய்யப்போகிறோம் என்று குறிப்பெழுதிவிட்டு வாங்குங்கள். வடிவமைப்பு மென்பொருள் ஓடும் கேட்-கேம் லேபில் இருபது கணினி, ஆண்டுக்கு ஏழு வீதம் மூன்று ஆண்டில் மாற்றுவோம் என்று ஒரு வரி கோப்பில் இருந்தால் போதும். அது இல்லாமல் வாங்கினால் 2028 அக்டோபரில் இதே கூட்டம், இதே டீ.

இதன் பக்கத்திலேயே கடைக்காரர்கள் இன்னொன்றை நீட்டுவார்கள்: நீண்ட கால ஆதரவுப் பதிப்பான விண்டோஸ் 10 எல்.டி.எஸ்.சி. 'சார், 2032 வரை அப்டேட் வரும்' என்பார்கள். 2032 ஜனவரி வரை வருவது ஐ.ஓ.டி. எண்டர்பிரைஸ் எல்.டி.எஸ்.சி. 2021 பதிப்பு. ஏ.டி.எம்., மருத்துவக் கருவி போன்ற ஒற்றை வேலை இயந்திரங்களுக்காக, தயாரிப்பாளர் வழியாக விற்கப்படுவது. சாதாரண எண்டர்பிரைஸ் எல்.டி.எஸ்.சி. 2021-க்கு 2027 ஜனவரியோடு முடிகிறது. முந்நூறு ரூபாய்க்குக் கீ தருகிறேன் என்று யாராவது சொன்னால், அந்த ரசீதைத் தணிக்கையில் காட்ட முடியுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரூஃபஸ் என்ற கருவியைப் போட்டுத் தகுதிச் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11 நிறுவுவது பற்றியும் கேட்பார்கள். வீட்டில் ஒரு கணினியில் செய்து பார்க்கலாம். மைக்ரோசாஃப்ட் ஆதரவு தராத அமைப்பு அது. ஆண்டுதோறும் வரும் பெரிய பதிப்பு தானாக வராமல் போகலாம், அப்போது ஒவ்வொரு கணினியாக உட்கார்ந்து மறுபடி தாண்ட வேண்டும். 24ஹெச்2 பதிப்பு மிகப் பழைய பிராசசர்களில் பூட்டே ஆகாது. அறுபது கணினிக்கு இது வேண்டாம்.

லினக்ஸ்

நான் அதிகம் சாய்வது இந்தப் பக்கம்தான், சொல்லிவிடுகிறேன். ஆனால் 'இலவசம்' என்ற காரணத்துக்காகச் சாய்ந்தால் ஏமாற்றமே மிஞ்சும். நிரலாக்க லேப்களுக்கு அது விண்டோஸை விடப் பொருத்தமானது என்பதுதான் என் காரணம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரிலேயே பைத்தான் லேப். அதன் பின் சி, டேட்டா ஸ்ட்ரக்சர், ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க் லேப். ஆபரேட்டிங் சிஸ்டம் லேபில் ஃபோர்க், பைப், ஷெல் ஸ்கிரிப்ட் எல்லாம் லினக்ஸில்தான் நடக்கின்றன. இதற்காக விண்டோஸுக்குள் விர்ச்சுவல் மெஷின் வைத்து, 4 ஜிபி ராமை இரண்டுக்கும் பங்கு போட்டு, பிறகு மெதுவாக இருக்கிறது என்று அலுத்துக்கொள்கிறோம்.

இந்த மண்ணுக்கு இது புதிதும் அல்ல. மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய, டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸ், 2011-இல் தொடங்கிய அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தில் ஒரு தலைமுறை மாணவர்களின் கைக்குப் போனது. பெரும்பாலோர் அதைத் திறக்காமல் விண்டோஸிலேயே இருந்துவிட்டார்கள் என்பதும் உண்மை. கேரளம் வேறு வழியில் போனது. அங்கே அரசின் கைட் நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாக வைத்துத் தனக்கென ஒரு லினக்ஸ் வெளியிட்டு, பள்ளிகளில் ஐ.சி.டி. பாடத்தையே அதன் மேல் நடத்துகிறது. சிஸ்டத்தைக் கொடுத்துவிட்டுப் போவதற்கும் பாடத்தோடு சேர்த்து ஆசிரியருக்குப் பயிற்சி கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு இந்த இரண்டு மாநிலங்களைப் பார்த்தால் தெரியும்.

எந்த லினக்ஸ் என்பதில் அதிகம் யோசிக்க வேண்டாம். 8 ஜிபி ராம் இருந்தால் உபுண்டு 24.04, பாதுகாப்பு அப்டேட் 2029 வரை வரும். 4 ஜிபி என்றால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு, அதுவும் 2029 வரை. ஸுபுண்டு போன்ற உபுண்டுவின் கிளைப் பதிப்புகளுக்கு மூன்றாண்டு ஆதரவுதான் என்பதால் லேபுக்கு அவற்றைத் தவிர்க்கலாம். 32 பிட் பிராசசர் கொண்ட மிகப் பழைய கணினிகளைக் காப்பாற்ற முயல வேண்டாம். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 கூட அவற்றில் நிறுவுவதைக் கைவிட்டுவிட்டது. ஒரு கணினியை முழுதாகத் தயார் செய்து, க்ளோன்ஸில்லாவில் படி எடுத்து மற்றவற்றில் இறக்குவதுதான் முறை. ஆசிரியர் இருக்கையிலிருந்து எல்லாத் திரைகளையும் பார்க்க வேயான் இருக்கிறது, விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும்.

எதிர்ப்பு தொழில்நுட்பத்திலிருந்து வராது, டர்போ சி-யிலிருந்து வரும். 1990-களின் தொடக்கத்து போர்லேண்ட் கம்பைலரின் நீலத் திரை நம் கல்லூரிகளில் இன்னும் ஒளிர்கிறது. பாட நோட்டில் 'வாய்ட் மெயின்', முதல் வரியில் கோனியோ ஹெட்டர், இரண்டாவதாகத் திரையைத் துடைக்கும் கட்டளை. லினக்ஸில் வரும் ஜி.சி.சி. கம்பைலரில் இந்தக் கோனியோ இல்லை என்றதும், வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் என்ன சொல்வாரோ என்ற பயம் எழுகிறது. பழைய டாஸ் மென்பொருளை ஓட்டும் டாஸ்பாக்ஸை வைத்து லினக்ஸிலும் டர்போ சி-யை ஓட்டலாம். முதல் செமஸ்டருக்கு அப்படி ஒரு தற்காலிக ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் வேலைக்கான நேர்முகத் தேர்வில் நம் மாணவர் 'வாய்ட் மெயின்' எழுதுவதைப் பார்த்துத் திருத்துகிறவர்கள் எக்ஸ்டர்னலை விடக் கடுமையானவர்கள். லேப் மேனுவலை ஜி.சி.சி.க்கு மாற்றி எழுதும் வேலையைத் துறையில் இளைய ஆசிரியர் இருவருக்குக் கோடையில் கொடுத்தால் முடிந்துவிடும்.

பொறியியல் துறைகளுக்கு உதவ ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள். மும்பை ஐ.ஐ.டி.யின் ஃபாஸீ திட்டம், விலை கொடுத்து வாங்கும் மென்பொருளில் நடக்கும் லேப்களைச் சைலேப் போன்ற கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றுவதற்கென்றே ஒரு பிரிவு வைத்திருக்கிறது. அதே நிறுவனத்தின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் தமிழ்க் குரலிலும் கிடைக்கின்றன. லேப் அசிஸ்டென்ட்டுகளுக்கு லினக்ஸ் அறிமுகப் பாடத்தை முதலில் அங்கிருந்து போட்டுக் காட்டுங்கள். மாற்றத்தில் எல்லோரும் மறந்துவிடுகிற ஆள் அவர்தான், தினமும் முதல் திட்டை வாங்குபவரும் அவர்தான்.

லினக்ஸுக்கு மாற்றவே கூடாத இடங்களையும் சொல்ல வேண்டும். கணக்குப்பதிவு மென்பொருளான டேலி பிரைம் விண்டோஸுக்கானது, ஆகவே பி.காம். லேப் விண்டோஸிலேயே இருக்கட்டும். ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் இரண்டுக்கும் லினக்ஸ் பதிப்பு இல்லை. எலக்ட்ரானிக்ஸ் துறையின் கீல் மைக்ரோவிஷன், டேட்டா சயின்ஸ் பாடங்களில் வரும் பவர் பி.ஐ. டெஸ்க்டாப், இவையும் அப்படியே. மேட்லேப், விவாடோ இரண்டும் லினக்ஸில் ஓடுவதால் அவற்றைக் காரணம் காட்ட வேண்டாம். தேர்வுப் பிரிவில் வினாத்தாள்கள் வேர்டில் இருக்கும். சமன்பாடும் படமும் கலந்த பழைய வேர்டு கோப்பை, லினக்ஸில் வேர்டுக்கு மாற்றான லிப்ரே ஆஃபீஸில் திறந்தால் ஒரு கேள்வி அடுத்த பக்கத்துக்கு ஓடும். வினாத்தாள் அச்சாகும் முன்னிரவில் அந்த விளையாட்டு வேண்டாம்.

வளாக நேர்காணலும் ஆன்லைன் தேர்வும் இதில் வலுவான தடை. தேர்வு நேரத்தில் மற்ற செயலிகளைத் திறக்க விடாமல் பூட்டும் சேஃப் எக்ஸாம் பிரவுசருக்கு லினக்ஸ் பதிப்பே கிடையாது. லேபைப் போட்டித் தேர்வு மையமாக வாடகைக்கு விடும் கல்லூரிகள், தேர்வு நடத்தும் நிறுவனம் எந்த சிஸ்டம் கேட்கிறது, இ.எஸ்.யு. உள்ள விண்டோஸ் 10-ஐ ஏற்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வருமானம் முக்கியம் என்றால், இருப்பதில் நல்ல லேப் ஒன்றைத் தேர்வுக்கென்று விண்டோஸ் 11-இல் நிறுத்திவிடுவது நல்லது.

தமிழ்த் துறையைத் தனியாகக் கேட்க வேண்டும். யாரும் கேட்பதில்லை, மாற்றிய பிறகுதான் பேராசிரியர் கோபமாக வருவார். வானவில் ஔவையார் எழுத்துருவில் தட்டச்சான ஆய்வேடுகள், பாமினியில் இருக்கும் மலர்க் கட்டுரைகள் என்று ஒரு பெரிய சேமிப்பு அங்கே கிடக்கும். எழுத்துருக் கோப்பை லினக்ஸில் நிறுவினால் அந்த ஆவணங்களைப் படிக்கலாம். பழைய விசைப்பலகை மென்பொருள் ஓடாது என்பதால் அதே முறையில் தட்டச்சு செய்ய முடியாது. யூனிகோடில் எழுதுபவர்களுக்குச் சிக்கலே இல்லை. ஐபஸ் எம்17என் என்ற தட்டச்சுக் கருவி வழியாகத் தமிழ்99, தட்டச்சு, ஒலிபெயர்ப்பு மூன்று முறையும் வந்துவிடும். என் யோசனை, தமிழ்த் துறையில் ஒரு விண்டோஸ் கணினியை இ.எஸ்.யு.வோடு விட்டுவைத்து, பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் வேலையை இந்த மூன்று ஆண்டுக்குள் முடிப்பது. இதை எப்படியும் ஒரு நாள் செய்துதான் ஆக வேண்டும்.

இரண்டையும் ஒரே கணினியில் வைத்து, டூயல் பூட் செய்யலாமே என்பவர்களுக்கு: அந்த விண்டோஸ் அப்டேட் இல்லாமல் அங்கேயே இருக்கும், மாணவர்கள் பழக்கத்தில் அதைத்தான் திறப்பார்கள். லினக்ஸ் பக்கம் யாரும் போக மாட்டார்கள், மாற்றமே நடக்காது.

நூலகமும் க்ரோம் ஓ.எஸ். ஃப்ளெக்ஸும்

பிரவுசர் மட்டுமே தேவைப்படும் கணினிகளுக்கு, அதாவது நூலகப் பட்டியல் தேடுவதற்கும் மின்னிதழ் படிப்பதற்கும், கூகுளின் க்ரோம் ஓ.எஸ். ஃப்ளெக்ஸ் பொருந்தும். 2022 ஜூலையில் முழுமையாக வெளிவந்தது, இலவசம், 4 ஜிபி ராம் போதும், டி.பி.எம். கட்டாயமில்லை. ஆண்ட்ராய்டு செயலிகள் ஓடாது. எல்லாவற்றையும் ஓரிடத்திலிருந்து நிர்வகிக்க வேண்டுமென்றால் கட்டண உரிமம் வேண்டும். நூலகரின் சொந்த மேசைக் கணினியில் மட்டும் இதைப் போட்டுவிடாதீர்கள். புத்தக வரவு-செலவு இன்ஃப்லிப்நெட்டின் சோல் மென்பொருளில் நடந்தால் அதற்கு விண்டோஸ் தேவை.

புதிதாக வாங்குவது எங்கே

பணம் இருக்கிற இடத்திலெல்லாம் செலவழிக்காமல், ஒரு இடத்தில் கெட்டியாகச் செலவழியுங்கள். அலுவலகக் கணக்குப் பிரிவு, தேர்வுப் பிரிவு, மாணவர் விவரங்கள் இருக்கும் சேர்க்கைப் பிரிவு. இங்கேதான் உண்மையில் இழக்க ஏதாவது இருக்கிறது. நடைமுறையிலோ, லேபில் கழித்த கணினிதான் அலுவலகத்துக்குப் போகும். புதியது மாணவர் கண்ணில் படும் லேபுக்குப் போகும், தர மதிப்பீட்டுக்கு வரும் நாக் குழுவும் அதைத்தான் பார்க்கும். நான் கேட்பது இந்த வரிசையைத் தலைகீழாக்கும்படி. அதன் பிறகு கேட் லேப், அதன் பிறகு தேர்வு மைய லேப். நிரலாக்க லேபுக்குப் புதிது வாங்குவது கடைசி.

அரசின் திட்டத்திலோ சொந்தமாகவோ மாணவர்கள் கையில் மடிக்கணினி இருக்கும் துறைகளில், அறுபது மேசைக் கணினிக்குப் பதில் முப்பது வைத்து, மீதி இடத்தில் மின் இணைப்பும் நல்ல வைஃபையும் கொடுப்பதைப் பற்றியும் யோசிக்கலாம். மாணவர்–கணினி விகிதத்தை ஆவணத்தில் காட்ட வேண்டும் என்பதற்காக இறந்துபோன கணினிகளையும் மேசையில் அடுக்கி வைத்திருப்பதை விட அது மேல்.

கழித்தவற்றைக் காயலான் கடைக்குப் போடக் கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி, ஆயிரம் அல்லது அதற்கு மேற்பட்ட மின்னணுச் சாதனங்களைப் பயன்படுத்தும் நிறுவனம் பெருநுகர்வோர். பதிவு பெற்ற தயாரிப்பாளர், புதுப்பிப்பாளர் அல்லது மறுசுழற்சியாளரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். சிறிய கல்லூரிக்கு அந்த வரையறை பொருந்தாவிட்டாலும், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அழித்த பிறகு கொடுப்பது எல்லோருக்கும் பொருந்தும்.

மாணவர், ஆசிரியரின் சொந்த மடிக்கணினிகள்

இவற்றுக்கான வழி வேறு, கல்லூரி சுற்றறிக்கையில் இதைத் தனிப் பத்தியாகப் போட வேண்டும். தனிநபர்களுக்கான இ.எஸ்.யு. 2026 அக்டோபர் 13 வரை மட்டுமே. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து அமைப்புகளை பேக்கப் செய்ய ஒத்துக்கொண்டால் கட்டணம் இல்லை. இல்லையென்றால் 1000 ரிவார்ட்ஸ் புள்ளிகள், அதுவும் இல்லையென்றால் 30 டாலர். ஒரே கணக்கில் பத்துக் கணினி வரை சேர்க்கலாம். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்வதற்கான இணைப்பு இருக்கும். கல்லூரி டொமைனில் இணைத்த கணினிகளுக்கு இது செல்லாது. லேபை இதில் ஒட்டிக்கொண்டு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் உடன்படாதீர்கள்.

அந்தத் தேதிக்குப் பிறகு மாணவரின் பழைய மடிக்கணினிக்கு என்ன வழி என்பதையும் அதே சுற்றறிக்கையில் எழுதுங்கள். ஒரு சனிக்கிழமை கணினித் துறை மாணவர் மன்றம் லேபைத் திறந்து வைத்து, பென் டிரைவோடு வருபவர்களுக்கு லினக்ஸ் நிறுவிக்கொடுக்கலாம். டேட்டாவை முன்பே பேக்கப் எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்பதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். எடுக்காமல் வருபவர்களை அன்று திருப்பி அனுப்பிவிட்டு, அடுத்த சனிக்கிழமை வரச் சொல்லுங்கள்.